கொசு ஒழிப்புப் பணியாளர்களை நிறுத்தியது ஏன்? நகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கும், நகர்நல அலுவலர் அவர்களுக்கும்,

பொங்கல் முடிந்த கையோடு எங்கள் வார்டுக்கு வந்துகொண்டிருந்த டெங்கு கொசு ஒழிப்புப் பணியாளர்களை நிறுத்திவிட்டீர்கள். சுகாதாரப் பிரிவில் போய்க் கேட்டால், மழை நின்றுவிட்டது, காய்ச்சல் குறைந்துவிட்டது, சீசன் முடிந்தது, இனி ஆகஸ்ட், செப்டம்பரில் ஆள் எடுத்தால் போதும், அதுவரை புகை அடிக்கும் வண்டி வரும் என்கிறார்கள். இந்த முடிவு தவறு. தெரு முனையில் தையல் கடை வைத்திருக்கிறவள் நான். போன ஐப்பசியில் என் மகளை டெங்குவுக்காக ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தவள். எங்கள் தெருவில் என்ன நடந்தது, இனி என்ன நடக்கும் என்று பயப்படுகிறோம் என்பதை உங்களுக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மழை நின்றால் டெங்கு நின்றுவிடும் என்று தெருவில் யாரோ சொன்னால் பரவாயில்லை, சுகாதாரப் பிரிவு சொல்லக்கூடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, டிரம்மின் உள்பக்கச் சுவரில், ஈரம் படிந்த இடமாகப் பார்த்து ஒட்டிவிட்டுப் போகிறது. டிரம் காலியாகி வெயிலில் காய்ந்தாலும் அந்த முட்டை சாவதில்லை, மாதக்கணக்கில் அப்படியே ஒட்டிக்கொண்டு கிடக்கும், மறுபடி தண்ணீர் ஏறித் தொட்டதும் பொரிந்துவிடும். பொரிந்த புழு கூட்டுப்புழுவாகி, இறக்கை முளைத்துப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் போதும். கார்த்திகையில் ஒட்டிய முட்டை சித்திரையிலும் உயிரோடு இருக்க முடியும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள் நிறுத்திய பணியாளர்களில் ஒருவரான அக்காதான்.

இப்போது எங்கள் தெருவின் தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள். கூட்டுக் குடிநீர்க் குழாயில் எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது. கோடையில் அது பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று தள்ளிப்போகும். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் மூன்று நான்கு பிளாஸ்டிக் டிரம், ஒரு சிமெண்ட் தொட்டி, வரிசையாகக் குடங்கள், இடம் இருக்கிற வீட்டில் தரைக்கடியில் சம்ப். மழைக்காலத்தைவிட வெயில் காலத்தில்தான் நாங்கள் அதிகத் தண்ணீரை அதிக நாள் பிடித்து வைக்கிறோம். வாரம் ஒருமுறை பாத்திரத்தைக் காலிசெய்து தேய்த்துக் கழுவுங்கள் என்று உங்கள் நோட்டீஸ் சொல்கிறது. எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் வீட்டில் ஏழாவது நாள் டிரம்மின் அடியில் கிடக்கும் தண்ணீரை யார் கீழே கொட்டுவார்கள்? மறுநாள் குழாய் வராமல் போனால் சமைக்க, குடிக்க அதுதான் இருக்கும். அதனால் பழைய தண்ணீரின் மேலேயே புதுத் தண்ணீர் ஏறுகிறது, சுவரில் இருக்கும் முட்டையைத் தொடுகிறது. நீங்கள் தண்ணீர் விடும் இடைவெளியும் கொசு வளர எடுத்துக்கொள்ளும் நாளும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறது, ஆணையர் அவர்களே. இதில் குடியிருப்பவர்களின் அலட்சியம் எவ்வளவு, நிர்வாகத்தின் பங்கு எவ்வளவு என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

வெயில் காலத்தில் டெங்கு வராது என்பதும் நம் பக்கத்து அனுபவத்துக்கே பொருந்தாது. 2012இல் கடையநல்லூரையும் திருநெல்வேலிச் சுற்றுவட்டாரத்தையும் டெங்கு பிடித்தபோது மே மாதம். வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது. அந்த வருடம் தமிழ்நாட்டில் அரசுக் கணக்குப்படி 12,826 பேருக்கு டெங்கு, 66 பேர் இறந்தார்கள். அப்புறம் 2017இல் 23,294 பேர், 65 சாவு. ஆகஸ்டில்தான் ஆள் எடுப்போம் என்று உட்கார்ந்திருந்தால், எடுத்த ஆளுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்புவதற்குள் டிரம்களில் எத்தனை தலைமுறைக் கொசு பறந்திருக்கும்.

அந்த அக்கா என்ன வேலை செய்தார் என்று உங்கள் அலுவலகத்தில் யாருக்காவது முழுதாகத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். கையில் டார்ச், தோளில் பை, அதில் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து, வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒட்டிய அட்டையில் தேதி போட ஒரு பேனா. வந்ததும் நேராக டிரம்முக்குப் போவார், மூடியைத் திறந்து டார்ச் அடிப்பார், வெளிச்சம் பட்டதும் புழுக்கள் நெளிந்து கீழே இறங்குவதை எங்களையே பார்க்கச் சொல்வார். அதோடு விடமாட்டார். பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மாடிப்படிக்கு அடியில் போட்ட பழைய ஆட்டுக்கல், மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் கல்தொட்டி, மணிபிளாண்ட் வைத்த பாட்டில், மொட்டைமாடியில் கவிழ்க்காமல் விட்ட பெயின்ட் வாளி, கொட்டாங்கச்சி என்று ஒன்றையும் விடாமல் பார்ப்பார். புழு இருக்கும் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள் என்பார். கொட்ட மனசு வராதவர்களிடம் துணியில் வடிகட்டி, டிரம்மின் உள்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, அதே தண்ணீரை மறுபடி ஊற்றச் சொல்வார். தண்ணீர்ப் பஞ்சத்தில் இருக்கிற வீட்டுக்கு எந்த யோசனை செல்லுபடியாகும் என்று தெரிந்தவர் அவர். நோட்டீஸ் அச்சடிக்கிறவர்களுக்கு அது தெரியவில்லை.

முதலில் எங்கள் தெருவில் அவருக்குக் கதவு திறக்காத வீடுகள் இருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடையாள அட்டை இல்லை, யார் என்றே தெரியாத ஆள், பகலில் பெண்கள் தனியாக இருக்கிற வீடு, எப்படித் திறப்பார்கள்? மருந்து போட்டால் தண்ணீர் நாறுகிறது என்று அவர் போன பிறகு சண்டை போட்ட வீடும் உண்டு. மாதக்கணக்கில் ஒரே ஆள், ஒரே முகம், திரும்பத் திரும்ப வந்ததால்தான் கடைசியில் எல்லாக் கதவும் திறந்தது. நீங்கள் வருடம் தோறும் ஆளை நிறுத்திவிட்டு அடுத்த சீசனுக்குப் புது ஆளை அனுப்பினால் அந்த நம்பிக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒப்பந்ததாரர் மூலம் தினக்கூலிக்கு எடுத்த இந்தப் பெண்களுக்குச் சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி நின்றதும் எங்களுக்குத் தெரியும். கடனுக்கு அரிசி வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுத் தொட்டியைப் பார்க்க வந்தார்கள்.

ஐப்பசியில் நடந்ததுக்கு வருகிறேன். முதலில் மூன்றாவது வீட்டுப் பையன் படுத்தான். அப்புறம் எதிர் வீட்டு மருமகள், அவளுடைய மாமனார், பின்கட்டில் குடியிருக்கும் தம்பதி, அப்புறம் என் மகள். ஏடிஸ் கொசு ரொம்ப தூரம் பறப்பதில்லை, பிறந்த இடத்திலிருந்து சில வீடுகள் தள்ளித்தான் போகும், அதனால் ஒரே தெருவில் அடுத்தடுத்து விழுகிறார்கள் என்றால் கொசு அந்தத் தெருவிலேயே பிறக்கிறது என்று அர்த்தம். முதல் பையனுக்கு டெங்கு என்று டெஸ்டில் தெரிந்த அன்றே யாராவது வந்து சுற்றியுள்ள வீடுகளின் தொட்டிகளைப் பார்த்திருந்தால் மற்றவர்களில் பாதிப்பேராவது தப்பியிருப்பார்கள். ஏன் வரவில்லை? ஏனென்றால் உங்கள் கணக்கில் அந்தப் பையன் இல்லவே இல்லை. அவனைப் பார்த்த தனியார் கிளினிக்கில் உடனே முடிவு காட்டும் கார்டு டெஸ்ட் எடுத்தார்கள், டெங்கு வைரஸின் புரதமான என்எஸ்1 பாசிட்டிவ் வந்தது, சீட்டில் வைரல் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தார்கள், ஊசி போட்டு அனுப்பினார்கள், உங்களுக்குத் தகவல் சொல்லவில்லை. எதிர் வீட்டிலும் பின்கட்டிலும் அதே கதைதான். கார்டு டெஸ்டை அரசு உறுதியான முடிவாக எடுத்துக்கொள்வதில்லை, எலிசா என்ற ஆய்வக ரத்தப் பரிசோதனையில் பார்த்தால்தான் கணக்கில் ஏறும் என்பது எனக்குத் தெரியும், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் கார்டில் பாசிட்டிவ் வந்த ஒருவரின் ரத்தத்தை எலிசாவுக்கு அனுப்பச் சொல்வதும், முடிவு வரும்வரை காத்திருக்காமல் தெருவுக்கு ஆளை அனுப்புவதும் உங்கள் கையில்தானே இருக்கிறது. தமிழ்நாட்டில் டெங்கு கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். எந்த கிளினிக் தெரிவிக்கவில்லை என்று கேட்க வேண்டியது நாங்கள் இல்லை.

என் மகளுக்கு நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. தேறிவிட்டாள் என்று வீடே சந்தோஷப்பட்ட நேரத்தில் வயிற்று வலி, நிற்காத வாந்தி, கை கால் ஜில்லென்று ஆகிவிட்டது. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம், ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிய ஆரம்பிப்பது அப்போதுதான் என்று அரசு மருத்துவமனையில் சொன்னார்கள். அங்கே இருந்த டாக்டரும் நர்ஸுகளும் ராத்திரி முழுக்க டிரிப்ஸின் அளவைக் கூட்டிக் குறைத்து, மணிக்கொரு தரம் நாடி பார்த்து அவளைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு நான் காலத்துக்கும் நன்றியுள்ளவள். அங்கே எலிசா எடுத்ததால் அவள் கணக்கில் ஏறினாள். எங்கள் தெருவில் ஆறு பேர் படுத்தார்கள், வார்டுக் கணக்கில் ஒருத்தி. இந்தக் கணக்கைக் காட்டித்தான் காய்ச்சல் குறைந்துவிட்டது என்கிறீர்கள்.

இதனால்தான் இந்த வருடம் எங்களுக்குப் பயம் அதிகம். டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு மட்டும் நீண்ட காலப் பாதுகாப்பு கிடைக்கும். அடுத்த முறை வேறு வகை தாக்கினால் முதல் தடவையைவிட மோசமாகப் போக வாய்ப்பு அதிகம். போன வருடம் படுத்து எழுந்த ஆறு பேரும் இந்த வருடமும் இதே தெருவில்தான் இருக்கிறார்கள், இதே டிரம்களோடு. பாதிக்கப்பட்ட தெருவைத்தான் மற்ற தெருக்களைவிடக் கூர்ந்து கவனிக்க வேண்டும், நீங்களோ அங்கிருந்து ஆளை எடுத்துவிட்டீர்கள். தடுப்பூசி வரட்டும் என்றும் காத்திருக்க முடியாது. இந்தியாவில் ஒரு டெங்கு தடுப்பூசியின் மூன்றாம் கட்டப் பரிசோதனை 2024இல்தான் தொடங்கியது. அது எங்கள் பிள்ளைகளின் கைக்கு வரும்வரை புழுவைப் புழுவாக இருக்கும்போதே அழிப்பதுதான் வழி.

புகை வண்டி பற்றி. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வண்டி வருகிறது, சத்தம் கேட்டதும் எல்லாரும் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொள்கிறோம், புகை ரோட்டில் போய்விடுகிறது. ஏடிஸ் கொசு இருப்பது ரோட்டில் இல்லை. கட்டிலுக்கு அடியில், கொடியில் போட்ட துணிக்குப் பின்னால், இருட்டான மூலையில் உட்கார்ந்திருக்கிறது, பகலில் கடிக்கிறது, விடிந்த பிறகும் பொழுது சாயும் முன்பும் இன்னும் அதிகமாக. என் கடையில் தொங்கும் துணிகளுக்கு நடுவே தையல் மிஷினில் காலை வைத்து உட்கார்ந்தால் பட்டப்பகலில் கணுக்காலில் கடிக்கிறது, காலில் வெள்ளை வரி போட்ட அதே கொசு. புகை பட்டாலும் அந்த நேரம் பறக்கும் கொசுதான் சாகும், டிரம்மில் நெளியும் புழுவுக்கும் சுவரில் ஒட்டிய முட்டைக்கும் ஒன்றும் ஆகாது, சில நாளில் அடுத்த கூட்டம் கிளம்பிவிடும். நோய் கண்ட வீட்டிலும் சுற்றியுள்ள வீடுகளிலும் உள்ளே போய் அடிப்பதற்குப் பயன் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. தெருத்தெருவாக வண்டி விடுவது நகராட்சி வேலை செய்கிறது என்று எங்களுக்குக் காட்டத்தான் உதவும். அந்த டீசல் செலவில் எத்தனை பணியாளர்களுக்குக் கூலி கொடுத்திருக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அபராதத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை. போன மழையில் எங்கள் தெருவில் புழு இருந்த வீடுகளுக்கு நோட்டீஸ் கொடுத்தீர்கள், சிலரிடம் பணமும் வாங்கினீர்கள். கணவன் இல்லாமல் இட்லிக் கடை வைத்துப் பிழைக்கும் ஒரு அக்காவும் அதில் உண்டு. சட்டம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். நாட்டிலேயே முதலில் பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டுவந்தது நம் மாகாணம்தான், 1939இல், கொசுக் கட்டுப்பாட்டுக்கு அதில் தனிப் பகுதியே இருக்கிறது. ஆனால் அதே வாரத்தில் கட்டி முடிக்காமல் கிடக்கும் நகராட்சி வணிக வளாகத்தின் அடித்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் குவித்துப் போட்ட பழைய டயர்களில் தண்ணீர் நின்றது. பறிமுதல் செய்த வண்டிகள் துருப்பிடித்துக் கிடக்கும் வளாகத்திலும் நின்றது. பொதுக் குழாய்க்கடியில் தோண்டி மூடாமல் விட்ட குழியில் கொசு ஒழிப்புப் பணியாளர் அக்காவே புழு எடுத்துக் காட்டினார். அதற்கெல்லாம் யாருக்கு நோட்டீஸ் போனது? எங்களிடம் அபராதம் வாங்குகிற அதிகாரம் உங்களுக்கு இருக்கிறது என்றால், உங்கள் இடங்களைச் சுத்தமாக வைக்கும் கடமையும் உங்களுக்குத்தான் இருக்கிறது.

பணியாளர்கள் தினமும் நோட்டில் எழுதினார்களே, எத்தனை வீடு பார்த்தோம், எத்தனை வீட்டில் புழு, எத்தனை பாத்திரத்தில் புழு என்று, அந்த நோட்டு எங்கே போகிறது? நூறு வீட்டில் எத்தனை வீட்டில் புழு இருந்தது, நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் புழு இருந்தது என்ற இரண்டு எண்ணும் தெரிந்தால், யாருக்கும் காய்ச்சல் வருவதற்கு முன்பே எந்தத் தெரு ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். சிங்கப்பூரில் 150 மீட்டருக்குள் 14 நாளில் இரண்டு பேருக்கு டெங்கு வந்தாலே அதைத் தனித் தொகுப்பாக அறிவித்து, எந்தத் தெரு, எத்தனை பேர் என்று எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுகிறார்கள். நம் ஊரிலிருந்து அங்கே வேலைக்குப் போன பிள்ளைகள் தாங்கள் குடியிருக்கும் பிளாக்கின் நிலவரத்தைப் போனில் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். இங்கே அவர்களின் அம்மா அப்பாவுக்குச் சொந்தத் தெருவின் நிலவரம் தெரியாது. எண்ணிக்கையை வெளியிட்டால் பீதி கிளம்பும் என்று ஒரு அதிகாரி என்னிடம் சொன்னார். பீதி போன ஐப்பசியில் கிளம்பியது, எதுவுமே தெரியாததால்.

நாங்கள் கேட்பது இதுதான்.

பணியாளர்களை நிறுத்திய முடிவைத் திரும்பப் பெறுங்கள். சித்திரை வெயிலுக்கு முன்பே, போன வருடம் அந்தந்தத் தெருவில் வேலை பார்த்த அதே ஆட்களை அங்கேயே வையுங்கள், வருடம் முழுக்க வையுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் வாரம் ஒருமுறை ஆள் வர வேண்டும், ஏழு நாளைத் தாண்டினால் வந்தும் பயன் குறைவு. அவர்களுக்குப் புகைப்படத்தோடு அடையாள அட்டை கொடுங்கள், நிலுவைக் கூலியைத் தீர்த்து, மாதாமாதம் தேதி தவறாமல் சம்பளம் போய்ச் சேருவதை ஒப்பந்ததாரரிடம் விடாமல் நீங்களே பாருங்கள்.

ஊரில் இருக்கும் எல்லாத் தனியார் கிளினிக்குகளுக்கும் லேப்களுக்கும் எழுத்தில் உத்தரவு போடுங்கள்: கார்டு டெஸ்டில் பாசிட்டிவ் வந்தால் அன்றைக்கே நகர்நல அலுவலகத்துக்குத் தகவல் வர வேண்டும், ரத்த மாதிரி எலிசாவுக்குப் போக வேண்டும். தகவல் வந்த மறுநாளுக்குள் அந்த வீட்டையும் சுற்றியுள்ள வீடுகளையும் உங்கள் ஆட்கள் பார்த்து முடிக்க வேண்டும், புகை மருந்து அங்கே, வீட்டுக்குள்ளே அடிக்கப்பட வேண்டும்.

தெருவாரியாகப் புழு கண்ட வீடுகளின் எண்ணிக்கையையும் காய்ச்சல் எண்ணிக்கையையும் வாரம் ஒருமுறை வார்டு அலுவலகப் பலகையிலும் ரேஷன் கடையிலும் எழுதிப் போடுங்கள். யார் பெயரும் வேண்டாம், வீட்டு எண்ணும் வேண்டாம், தெருப் பெயரும் எண்ணிக்கையும் போதும்.

நான் மேலே சொன்ன நகராட்சி இடங்கள் நான்கையும் இந்த மாதத்துக்குள் சுத்தம் செய்யுங்கள், அதுவரை எந்த வீட்டுக்கும் அபராதம் போடாதீர்கள். தண்ணீர் விடும் இடைவெளியை ஏழு நாளுக்குள் கொண்டுவாருங்கள். அது உடனே முடியாது என்றால் எப்போது முடியும் என்று தேதி சொல்லுங்கள், அதுவரை டிரம்முக்கு மூடியோ, இறுக்கிக் கட்ட வலைத் துணியோ வாங்க முடியாத வீடுகளுக்கு நகராட்சி செலவில் கொடுங்கள். தைத்துக் கொடுக்க எங்கள் தெருவிலேயே ஆள் இருக்கிறோம், துணியை மட்டும் அனுப்புங்கள், கூலி வேண்டாம்.

எங்கள் வார்டின் அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்கு நகர்நல அலுவலர் நேரில் வந்து, மேலே கேட்ட ஒவ்வொன்றுக்கும் முடியும், முடியாது, எந்தத் தேதிக்குள் முடியும் என்று பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதில் கூட்டக் குறிப்பில் எழுதப்பட வேண்டும். இந்த மடலில் எங்கள் தெருவின் எல்லா வீட்டிலிருந்தும் கையெழுத்து வாங்கி, நகல் ஒன்றை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் மாவட்ட சுகாதார அலுவலருக்கும் அனுப்பியிருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் நகராட்சியில் குடியிருக்கும் ஒரு தாய்